நாலு டெசிபலுக்கு ஒரு ப்ரீஅம்ப்

மார்கழிக் குளிரில் கடையைத் திறந்து, முதல்நாள் கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தத் தம்பி வந்தான். தோட்டப் பாடசாலையில் மாஸ்டர். வீடு டிக்கோயாப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். இலங்கை மலையகத்து ஹட்டனில் பஸ் இறங்கி நேரே என் கடைக்கு வந்திருக்கிறான். கையில் துணிப்பை, பைக்குள் துவாயில் சுற்றிய ஒற்றைச் செனல் மைக் ப்ரீஅம்ப், மைக் தரும் மெல்லிய சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் பெட்டி.

“அண்ணே, காசைக் கொட்டி வாங்கிட்டேன். இரைச்சல் அப்படியேதாண்ணே இருக்கு.”

கொழும்பில் யாரோ பாவித்ததை வாங்கியிருக்கிறான். கொடுத்த விலை, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க அவன் வீட்டிலிருக்கும் யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸின் விலையைவிட அதிகம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு இந்தச் சாமான்களெல்லாம் பழையதாக இருந்தாலும் யானை விலைதான். அதனால் ‘நீ ஏன் வாங்கினாய்’ என்று கேட்க மனம் வரவில்லை. தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்கார வைத்தேன்.

விசயம் இதுதான். அவனுடைய அம்மாயிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில் பாடிய பாட்டு, கங்காணியைக் கேலி செய்து கட்டிய பாட்டு என்று அவர் தலைக்குள் ஒரு பெட்டகம் இருக்கிறது. அதைப் பதிந்து வைக்க வேண்டும். குரல் மெலிந்துவிட்டது. செப்டெம்பரில் பதிந்து பார்த்திருக்கிறான். குரலைக் கேட்கும் அளவுக்கு ஏற்றினால் கூடவே ‘இஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலும் ஏறி வந்திருக்கிறது. இன்டர்ஃபேஸ் மலிவானது, அதற்குள் இருக்கும் ப்ரீஅம்ப் மட்டமானது, வெளியே நல்ல ப்ரீஅம்ப் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் முழுப் பொய்யும் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை டெசிபல் இருக்கிறது என்று அளந்து பார்த்த கதைதான் இது.

செப்டெம்பர்ப் பதிவு

முதலில் பழைய பதிவைக் கேட்டேன். ஹட்டன் பக்கத்தில் செப்டெம்பர் என்றால் தென்மேல் மழை இன்னும் விட்டிருக்காது. பதிவின் முதல் ஐந்து நிமிடம் தகரக் கூரையில் மழைதான் பாடுகிறது. அது ஓய்ந்த பிறகு அம்மாயியின் குரல், தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. பின்னால் தம்பி சொன்ன அந்த இரைச்சல்.

ஹெட்ஃபோனைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டால் அந்த இரைச்சல் ஒன்றல்ல, மூன்று நான்கு. அடியில் ஒரு உறுமல் இருக்கிறது. நடுவில் தண்ணீர் விழுகிற சத்தம். “பக்கத்தில் ஓடையா?” என்று கேட்டேன். “லயத்துக்குப் பின்னால பீலி இருக்குண்ணே” என்றான், மலைத் தண்ணீர் வந்து விழும் குழாய். அப்புறம் யாரோ நாடகத்தில் அழுகிறார்கள், பக்கத்துக் காம்பராவின் டீவி. பழைய லயன்களில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கும், ஆனால் கூரை வரைக்கும் முழுதாக அடைத்திருக்காது. ஒரு வீட்டுத் தாளிப்பு நாலு வீட்டுக்கு மணக்கிற மாதிரி ஒரு வீட்டுச் சத்தமும் சுவரைத் தாண்டி வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லிய மணல் கொட்டுகிற மாதிரி, உண்மையான மின் இரைச்சல் கொஞ்சம். ப்ரீஅம்ப் மாற்றினால் குறையக்கூடியது இந்தக் கடைசி மணல் மட்டும்தான்.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் காசு கொடுத்தவனிடம் காதால் கேட்டதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. அளந்து காட்ட வேண்டும். தைப்பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை வருகிறேன் என்றேன். ஜனவரியில் மழை குறைவு, மலை காய்ந்திருக்கும்.

கணக்கு

போவதற்கு முன் கடையில் உட்கார்ந்து ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். அவனிடம் இருக்கும் மைக் ஷுவர் எஸ்எம்58. 1966 இலிருந்து உலகமெங்கும் மேடைகளில் அடிபட்டு வரும் மைக். அதன் உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு 1.85 மில்லிவோல்ட். ஒரு பாஸ்கல் என்றால் 94 டெசிபல், மைக்கை உதட்டருகே வைத்துப் பேசுகிற அளவு. மெலிந்த குரலில் ஒரு கிழவி ஒரு அடி தள்ளியிருந்து பாடுவது 60 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் மைக் தருவது சுமார் 37 மைக்ரோவோல்ட்தான்.

எதிர்ப்பக்கத்தில், மலிவான இன்டர்ஃபேஸ் ஒன்றின் ப்ரீஅம்ப் தானாகப் போடும் இரைச்சலை அதன் நுழைவாயிலில் வைத்துக் கணக்கிட்டால் அரை மைக்ரோவோல்ட் அளவில் வரும். விவரப் புத்தகங்களில் இதை ஈஐஎன் என்று போட்டு மைனஸ் 124, மைனஸ் 128 டிபியூ (மின்னழுத்தத்தைச் சொல்லும் டெசிபல்) என்று எழுதியிருப்பார்கள். மைனஸ் எண் பெருகப் பெருக இரைச்சல் குறைவு. மைனஸ் 124 என்றால் சுமார் 0.5 மைக்ரோவோல்ட், மைனஸ் 128 என்றால் சுமார் 0.3. மலிவுச் சாமானுக்கும் நல்ல சாமானுக்கும் இடையில் உள்ள சண்டை முழுவதும் இந்த 0.2 மைக்ரோவோல்டுக்குள்தான் நடக்கிறது. இதற்கு ஓர் அடித்தளமும் உண்டு. எந்த மின்தடையும் சும்மா இருக்கும்போதே வெப்பத்தால் இரைச்சல் போடும். 150 ஓம் தடை ஒன்று 20 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் போடுவது மைனஸ் 131 டிபியூ. எவ்வளவு விலை கொடுத்தாலும் சாதாரண அறை வெப்பத்தில் அதற்குக் கீழே போக முடியாது. எஸ்எம்58 இன் உண்மையான தடை 300 ஓம் அளவில் இருப்பதால் அந்த மைக்கே சுமார் மைனஸ் 128 இல் ஒரு மணல் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைத் தேய்த்து அழிக்க எந்த ப்ரீஅம்பாலும் முடியாது.

இப்போது அறை. பகலில் ஒரு லயன் காம்பரா 45 டெசிபல் என்றால் மைக்கில் அது 6.6 மைக்ரோவோல்ட். இன்டர்ஃபேஸின் இரைச்சலைவிடப் பதின்மூன்று மடங்கு. பெருஞ்சத்தத்துக்குள் சிறுசத்தத்தைக் குறைத்து என்ன ஆகப் போகிறது? அறை 25 டெசிபலுக்கு இறங்கினால் 0.66 மைக்ரோவோல்ட். அப்போதுதான் இரண்டும் ஒரே தராசில் வந்து நிற்கும். அதாவது அந்த வீட்டுக்குள் ராத்திரி வரும்வரை ப்ரீஅம்புக்கு வேலையே இல்லை. கணக்கு அப்படிச் சொன்னது. வயரைப் பார்க்காமல் கணக்கை நம்பக் கூடாது என்பதும் தெரியும்.

மேல் லயத்தில்

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். வாசலில் அம்மாயி. “வா சாமி, நீதான் ரேடியோக்காரத் தம்பியா?” என்றார். எதிர்த்துப் பேசவில்லை, அன்று முழுக்க நான் ரேடியோக்காரன்தான்.

மேசையில் இருந்த இணைப்பைப் பார்த்தவுடன் பாதி விசயம் புரிந்துவிட்டது. மைக்கிலிருந்து எக்ஸ்எல்ஆர் வயர், அதாவது மூன்று ஊசி மைக் வயர், ப்ரீஅம்புக்குப் போகிறது, சரி. ப்ரீஅம்பின் பின்னாலிருந்து இன்னொரு எக்ஸ்எல்ஆர் வயர், இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் மைக் செருகும் அதே ஓட்டைக்குள். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது என்று வைக்கும் இன்டர்ஃபேஸின் கெயின் குமிழ் இரண்டு மணி முள் நிற்கும் இடத்தில். ப்ரீஅம்பின் கெயின், ஆகக் குறைவில்.

“ஏன் தம்பி இதைக் குறைச்சு வச்சிருக்க?”

“கூட்டினா சிவப்பு அடிக்குதுண்ணே, உடைஞ்சு உடைஞ்சு கேக்குது.”

முதலில் அந்த 48 வோல்டை அணைத்தேன். அது கண்டென்சர் மைக்குக்குப் போக வேண்டிய மின்சாரம். எக்ஸ்எல்ஆர் வழியாக அது பின்னோக்கி ஏறி ப்ரீஅம்பின் வெளிவாசலுக்குள் போகும். சில ப்ரீஅம்புகள் தாங்கும், சில கருகும். அவனுடையது தாங்கியிருந்தது, அம்மாயி கும்பிடும் மாரியம்மன் புண்ணியம்.

அடுத்தது, இன்டர்ஃபேஸ்களில் இருக்கும் அந்த இரட்டைப் பயன் ஓட்டை. அதில் எக்ஸ்எல்ஆரைச் செருகினால் மைக் வழி, நடுவில் கால் அங்குல ஜெக்கைச் செருகினால், ஏற்கெனவே ஏற்றிய சத்தத்துக்கான லைன் வழி. ஓட்டை ஒன்று, பாதை இரண்டு. ப்ரீஅம்ப் ஏற்கெனவே ஏற்றித் தள்ளிய சத்தத்தை மைக் வழிக்குள் விட்டால் அது திணறும். திணறாமல் இருக்க அவன் நல்ல ப்ரீஅம்பைக் குறைத்தான். குறைத்த பிறகு சத்தம் போதவில்லை என்று மட்டமான ப்ரீஅம்பைக் கூட்டினான். விளைவு, காசு கொடுத்து வாங்கியது சும்மா வழிப்போக்கனாக நிற்க, பழையதே முன்போல் சுமை இழுக்கிறது.

அவனுக்குப் பீலியை வைத்துச் சொன்னேன். மலைமேலே ஊற்றுக்கண்ணில் குழாயைக் கட்டும்போது முதல் தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே சேறு கலந்தால் கீழே பீலி வாயில் துணி கட்டி ஒன்றும் ஆகாது. கெயினும் அப்படித்தான். மைக்கிலிருந்து வரும் ஈர்க்குச்சி போன்ற சத்தத்தை முதலில் தொடுகிற ஆள் அதை நன்றாகத் தூக்கிவிட வேண்டும். அப்படித் தூக்கிவிட்டால் இரண்டாவது ஆள் போடும் இரைச்சல் அதன் காலடியில் அமுங்கிப் போகும். முதல் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் இரண்டாவது ஆளின் குணம்தான் பதிவின் குணம்.

சரியான வயர் அவனிடம் இல்லை. கிற்றார் வயர் ஒன்று இருந்தது. அதன் ஜெக்கில் கறுப்பு வளையம் ஒன்றுதான், அது ஒற்றை வழி. வேண்டியது இரண்டு வளையம் உள்ள டிஆர்எஸ். நான் கொண்டுபோன பெட்டியில் சாமான் இருந்தது. அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து பற்றவைத்தேன். எக்ஸ்எல்ஆரின் இரண்டாம் ஊசி ஜெக்கின் நுனிக்கு, மூன்றாம் ஊசி நடு வளையத்துக்கு, முதலாம் ஊசி அடி உடம்புக்கு. ஈயம் உருகும் புகை மணத்துக்கு அம்மாயி மூக்கைச் சுளித்து, “பல்லு டாக்டர் வீட்டு வாசம் அடிக்குது” என்றார். இன்டர்ஃபேஸில் கிற்றாருக்கான சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும், அதையும் அணைத்தேன். அது ஒற்றை வழி வாத்தியத்துக்கானது. இங்கே அதற்கு வேலையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லைன் வழிக்குப் போனால் மலிவு ப்ரீஅம்பை முழுசாகத் தாண்டிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். மலிவான இன்டர்ஃபேஸ் பலவற்றில் லைன் வழி என்பது, சத்தத்தை முதலில் ஒரு படி அமுக்கி, பிறகு அதே கெயின் பகுதிக்குள் விடுவதுதான். கெயின் குமிழைத் திருப்பிப் பாருங்கள். லைன் சத்தமும் ஏறி இறங்கினால் பெரும்பாலும் அந்தக் கதைதான். அதனால் பெரிய குடி முழுகாது. வெளி ப்ரீஅம்ப் ஐம்பது, அறுபது டெசிபல் தூக்கிக் கொடுத்த பிறகு அந்தப் பகுதியின் இரைச்சல் கணக்கிலேயே வராது. ஆனால் வெளி ப்ரீஅம்பின் ‘நிறம்’ அப்படியே வந்து இறங்கும் என்று காசு கொடுப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒளி இழை வழியாக ஏடாட் எனும் டிஜிட்டல் உள்வாசல் இருக்கும் இன்டர்ஃபேஸ் என்றால் வேறு விசயம். அது வேறு விலை.

பொய் மைக்

அளப்பதற்கு ஒரு சின்னச் சாமான் செய்து வைத்திருந்தேன். ஒரு எக்ஸ்எல்ஆர் தலைக்குள், இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் நடுவில் 150 ஓம் தடை. பழுப்பு, பச்சை, பழுப்புக் கோடு போட்டது. கைக்காசு அதிகம் பிடிக்காது. இதை மைக் இருக்கும் இடத்தில் செருகினால், மைக் இருக்கிறது என்று ப்ரீஅம்ப் நம்பிக்கொள்ளும். ஆனால் அறைச் சத்தம் எதுவும் உள்ளே வராது. மிச்சமிருப்பது மின் இரைச்சல் மட்டும்.

ஒப்பிடும்போது எல்லோரும் விடும் பிழை ஒன்று உண்டு. கெயின் வேறு வேறாக இருக்கும்போது இரைச்சலை ஒப்பிடுவார்கள். அது ஒரு கிலோ மாவையும் இரண்டு கிலோ மாவையும் நிறுத்து எது சுத்தம் என்று கேட்பது. அதனால் போனில் 1 கிலோஹேர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, மைக்கிலிருந்து ஒரு முழத்தில் ஒரு தகரப் பேணி மேல் வைத்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் அந்தத் தொனி மீட்டரில் மைனஸ் 20 இல் நிற்கும்படி கெயினைச் சரிசெய்தேன். பிறகு மைக்கைக் கழற்றிப் பொய் மைக்கைச் செருகிப் பத்து விநாடி பதிந்தேன்.

இன்டர்ஃபேஸ் தனியாக: மைனஸ் 78. தம்பி போட்டிருந்த பிழையான இணைப்பு: மைனஸ் 77. அதாவது ப்ரீஅம்ப் இல்லாமலே ஒரு டெசிபல் நன்றாக இருந்திருக்கிறது. சரியான இணைப்பு, வெளி ப்ரீஅம்பில் கெயின் ஏற்றி, டிஆர்எஸ் வழியாக லைனுக்கு: மைனஸ் 82.

நாலு டெசிபல். தம்பியின் முகத்தில் வெளிச்சம். “அப்ப பிரயோசனம் இருக்குதானேண்ணே?”

“இரு” என்று பொய் மைக்கைக் கழற்றி உண்மை மைக்கைச் செருகினேன். பிற்பகல் மூன்று மணி. பக்கத்துக் காம்பராவில் டீவி, கீழே யாரோ விறகு பிளக்கிறார்கள், பீலி ஓடுகிறது. இன்டர்ஃபேஸ் தனியாக மைனஸ் 55. ப்ரீஅம்போடு மைனஸ் 55. ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

முகத்தில் வெளிச்சம் அணைந்தது.

இந்த இடத்தில் ஓர் உறுமலும் வந்து சேர்ந்தது. ப்ரீஅம்புக்குத் தனி அடப்டர், லெப்டொப்புக்குத் தனி சார்ஜர். இரண்டும் வேறு வேறு சுவர்ப் ப்ளக்கில். 50 ஹேர்ட்ஸும் அதன் பிள்ளை குட்டிகளும் ‘உர்ர்’ என்று கேட்டன. லெப்டொப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டவுடன் நின்றுவிட்டது. ப்ரீஅம்பின் அடப்டரை மைக் வயரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தேன், மிச்சமும் போனது. சிலர் இதற்குப் ப்ளக்கின் எர்த் ஊசியை உடைப்பார்கள். தோட்டத்து வீடுகளில் எர்த்தே ஒழுங்காக இருக்காது. இருப்பதையும் உடைத்துவிட்டு உதட்டோடு மைக்கை வைப்பது உயிரோடு விளையாடுவது. பேட்டரியில் ஓடவிடுங்கள், அல்லது இரண்டையும் ஒரே நீட்டுப் ப்ளக்கில் போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி இடிக்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போங்கள்.

நாலு விரல்

சாயங்காலம் அம்மாயியை உட்கார வைத்தோம். செப்டெம்பரில் மைக் மேசையில், அம்மாயி பாயில். இடையில் ஒரு அடிக்கு மேல். நான் மைக்கை ஒரு முக்காலியில் கட்டி, வாயிலிருந்து நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். அம்மாயி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“என்னா சாமி, இதுக்கு முத்தமா குடுக்கச் சொல்ற?”

லயமே சிரித்தது. சுவர் அரைச்சுவர் என்று சொன்னேனே.

தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். ஒரு அடி அரை அடியாகி, அரை அடி நாலு விரலாகும்போது 12 டெசிபல். ப்ரீஅம்ப் தந்த நாலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் இந்தப் 12 டெசிபல் மின் இரைச்சலை மட்டுமல்ல, டீவி, பீலி, உறுமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னால் தள்ளும். ப்ரீஅம்ப் குரலையும் டீவியையும் ஒன்றாகத் தூக்கும், நல்லது கெட்டது தெரியாது. நெருக்கம் குரலை மட்டும் தூக்கும்.

நெருங்கினால் இரண்டு தொல்லை. அடிச் சத்தம் பருத்துப் போகும். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகும், அம்மாயியின் மெல்லிய குரலுக்கு அந்தப் பருமன் கொஞ்சம் அழகாகவே இருந்தது. மற்றது, ‘ப’ வரும்போதெல்லாம் மைக்கில் காற்று மோதும். ஒப்பாரியில் ‘பெத்தவளே’, ‘பொன்னு மகளே’ என்று வரிக்கு வரி ‘ப’ தான். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் சரித்து வைத்தேன், காற்று நேராகப் போய்விட்டது. முதுகுப் பக்கம் ஒரு கறுப்புக் கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டோம். அந்தக் காலத்தில் மழை மலையில் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்த கம்பளி. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அது நன்றாக விழுங்கியது. கடையில் விற்கும் பஞ்சுப் பலகையை நான் இன்னும் வாங்கவில்லை.

ஆனால் டீவி? எட்டரை மணி நாடகத்தை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை.

“எப்ப சத்தமே இருக்காது அம்மாயி?” என்றேன்.

“நா எந்திரிக்கிற நேரம்” என்றார். வேலைக்குப் போவதை நிறுத்தி இருபது வருசத்துக்கு மேலாகியும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு, போன காலத்துப் பழக்கம், நாலு மணிக்குக் கண் விழித்துவிடும். அடுப்பைப் பற்றவைக்கும்போது தனக்குத்தானே முணுமுணுப்பாராம். தம்பி இருபத்தாறு வருசமாக அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறான். ஆனால் பதிவுக்கு மட்டும் ஞாயிறு பின்னேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

நாலு மணி

அன்றிரவு அங்கேயே படுத்தேன். நாலு மணிக்கு எழும்பியபோது மூச்சு புகையாக வந்தது. லயம் முழுக்கத் தூக்கம். பீலி வாயில் தம்பி ராத்திரியே ஒரு சாக்கைக் கட்டி, தண்ணீர் சாக்கு வழியாகச் சத்தமில்லாமல் வழியும்படி செய்து வைத்திருந்தான். அந்த யோசனை அவனுடையது. முழு நாளில் அதைவிட மலிவான, அதைவிடப் பெரிய திருத்தம் வேறில்லை.

மீட்டரைப் பார்த்தேன். வெற்று அறை, இன்டர்ஃபேஸ் தனியாக: மைனஸ் 73. ப்ரீஅம்போடு: மைனஸ் 74. பகலோடு பார்த்தால் நேரம் தந்தது 18 டெசிபல். ப்ரீஅம்ப் தந்தது ஒன்று. பொய் மைக்கில் நாலாக இருந்தது அறைக்குள் வந்ததும் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அறையின் மிச்சச் சத்தம் பெரும்பாலும் அடியில் இருந்தது, ப்ரீஅம்பின் வித்தியாசம் மேலே ‘இஸ்ஸ்’ பகுதியில். ஹெட்ஃபோனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் மணல் கொஞ்சம் பின்வாங்கியது தெரிந்தது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தம்பி மூன்று முறை கேட்டுவிட்டு, “இருக்கு... இருக்குண்ணே” என்றான். எனக்கென்னவோ அவன் காசு அந்தக் காதுக்குள் உட்கார்ந்து கேட்டது போலிருந்தது.

பதிவில் ப்ரீஅம்பை வைத்துக்கொண்டோம், அது கெடுதல் செய்யவில்லை. வெளி ப்ரீஅம்பில் 58 டெசிபல், இன்டர்ஃபேஸின் குமிழ் அடியிலிருந்து கொஞ்சம் மேலே. ‘இன்டர்ஃபேஸ் குமிழ் எப்போதும் பூச்சியத்தில் இருக்க வேண்டும்’ என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. பல இன்டர்ஃபேஸ்களின் லைன் வழி 20 டிபியூவுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டது. மெலிந்த குரலை அவ்வளவு உயரம் தூக்கப் ப்ரீஅம்பால் முடியாது, கொஞ்சம் கூட்டினால் பாவமில்லை. உச்சம் மைனஸ் 14 பக்கம் நின்றது. 24 பிட்டில் பதியும்போது சிவப்புக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டிய அவசியமே கிடையாது.

அம்மாயி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். ‘பாடுங்க’ என்று யாரும் சொல்லவில்லை. கைகளை நெருப்பில் காட்டிக்கொண்டே ஆரம்பித்தார். முதலில் ஒரு தாலாட்டு, அதிலிருந்து எப்படியோ ஓர் ஒப்பாரிக்குள் நுழைந்து, அது யாருக்கென்று சொல்லாமலே முடித்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, பிறகு கணக்கப்பிள்ளையின் குடையைப் பற்றிய ஒரு குசும்புப் பாட்டு. ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் ஈர விறகு ஒன்று படார் என்று வெடித்தது. அதை வெட்டவில்லை.

ஆறரை மணிக்கு வெயில் கூரையில் பட்டது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து சுருங்கிக் கிடந்த தகரம் விரியத் தொடங்கி ‘டக்... டக்...’ என்று தட்டியது. பக்கத்துக் காம்பராவில் ரேடியோ போட்டார்கள். நான் பதிவை நிறுத்தினேன்.

கேட்பவர்களுக்கு

இதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் என்னிடம் ப்ரீஅம்ப் வாங்கலாமா என்று கேட்டார்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்கிறேன். சத்தமே போதவில்லை, குமிழை முழுக்கத் திருப்பியும் மீட்டர் எழும்பவில்லை என்றால் அது உண்மையான தேவை. எஸ்எம்7பி போன்ற மைக் வைத்திருப்பவர்களுக்கு இது வரும். அதன் உணர்திறன் 1.12 மில்லிவோல்ட்தான், எஸ்எம்58 ஐவிட 4 டெசிபலுக்கு மேல் கீழே, பேச்சுக்கு 60 டெசிபல் கெயின் கேட்கும். அதற்கும் முழு ப்ரீஅம்ப் வேண்டியதில்லை. மைக் வயரின் நடுவில் செருகும் குட்டிச் சாமான்கள் இருக்கின்றன, கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் மாதிரி. இன்டர்ஃபேஸின் 48 வோல்டைக் குடித்து 25 டெசிபல் அளவுக்கு முதல் அடியிலேயே தூக்கிக் கொடுக்கும். இன்டர்ஃபேஸின் மைக் வழியிலேயே செருகலாம். அந்த ஒரு இடத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

இரைச்சல்தான் பிரச்சினை என்றால் பொய் மைக்கைக் கடன் கொடுக்கிறேன். அதைச் செருகியும் அதே இரைச்சல் வந்தால் வாங்கு. அமைதியானால் வீட்டைப் பார். இதுவரை கடன் வாங்கிய மூவரில் ஒருவன்தான் வாங்கினான். அவனுடைய இன்டர்ஃபேஸ் உண்மையிலேயே மோசம். குரலுக்கு ஒரு தனி நிறம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அது சேலை எடுப்பது மாதிரி.

தம்பியின் ப்ரீஅம்ப் இப்போது அலுமாரி மேல், அதே துவாய்க்குள் இருக்கிறது. அம்மாயியின் பாட்டு இருபத்தொன்று சேர்ந்துவிட்டது. அதில் கடைசி ஏழெட்டை அவன் ப்ரீஅம்ப் இல்லாமலே எடுத்திருக்கிறான், காலையில் இருட்டோடு எழும்பி அவ்வளவு வயர் கோர்க்கச் சோம்பல். எவை அவை என்று என்னைக் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

போன வாரம் போன் எடுத்தான். காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கப் பழகுகிறார்களாம், அதையும் பதிய வேண்டுமாம்.

“அந்த ப்ரீஅம்பை இதுக்குப் போடலாமாண்ணே?”

“தப்புக்கு இருக்கிற கெயினே கூடுதல்டா” என்றேன். “மைக்கைத் தூக்கிக்கிட்டு நாலு எட்டுப் பின்னால போ.”